ஆந்திர எல்லையில் பக்கிங்காம் கால்வாய்: பார்க்க என்னதான் இருக்கிறது?

கேட்கப்பட்டது இது: "சென்னையில் பக்கிங்காம் கால்வாய் என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். பழவேற்காட்டைத் தாண்டி ஆந்திராவுக்குள் போனால் அதே கால்வாய் பறவையும் மீனுமாக இருக்கும் என்கிறார்கள். உண்மையா? எப்போது, எங்கே போவது? எட்டு வயது மகளையும் அழைத்துப்போகலாமா?"

உண்மைதான். நான் தடா பக்கத்துக்காரன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, மீன் சந்தையில் இரண்டும். என் தாத்தா இந்தக் கால்வாயில் சவுக்கு விறகுப் படகுக்குக் கழி ஊன்றியவர். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கால்வாயின் நீளத்தை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆந்திராவில் பெத்தகஞ்சாம் தொடங்கி, சென்னை வழியாக, தெற்கே மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர். அதில் சுமார் 257 கிலோமீட்டர் ஆந்திராவுக்குள்தான் இருக்கிறது. நீங்கள் மூக்கைப் பொத்துவது நடுவில் உள்ள ஒரு சின்னத் துண்டுக்கு. 1806-இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய 11 மைல்தான் ஆரம்பம். அது பழவேற்காடு வரை நீண்டது, 1837-இல் அரசு எடுத்துக்கொண்டது, அப்புறம் துண்டு துண்டாக வடக்கே போய்க் கிருஷ்ணா பாசனக் கால்வாய்களோடு சேர்ந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், கூலிக்கு வந்த பட்டினிக் கூட்டத்தை வைத்துச் சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. வெட்டியவர்கள் பெயர் வழக்கம்போல எங்கும் இல்லை.

நெல், உப்பு, சுண்ணாம்புக் கிளிஞ்சல், விறகு எல்லாம் இதில்தான் சென்னைக்குப் போயின. ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகிலும் நெல்லூர்க் கரைச் சவுக்கிலும் சென்னை அடுப்புகள் பல காலம் எரிந்தன. காற்று வாக்காக இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் சரிப்படாவிட்டால் ஆட்கள் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பார்கள். ரயிலும் லாரியும் வந்தன. 1960-களின் நடுவிலும் 1976-இலும் அடித்த புயல்கள் கரைகளை உடைத்தன. படகு நின்றது. 2008-இல் இதை நான்காவது தேசிய நீர்வழியில் சேர்த்தார்கள். எங்கள் பக்கம் சரக்குப் படகு எதுவும் வந்து நான் பார்க்கவில்லை.

சரி, உயிரினங்களுக்கு வருவோம். இந்தப் பகுதிக் கால்வாயை நல்ல தண்ணீர் வாய்க்கால் என்று நினைத்துக்கொண்டு வந்தால் ஒன்றும் பிடிபடாது. இது கடலுக்கு இணையாக ஓடும் உப்புத் தண்ணீர். பழவேற்காட்டிலிருந்து வடக்கே, ஏரியின் கிழக்கு ஓரத்தில், ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிப் போகிறது. சில இடங்களில் ஏரி எது, கால்வாய் எது என்றே தெரியாது. தெலுங்கில் இந்த ஏரிக்குப் ப்ரளய காவேரி என்று ஒரு பழைய பெயர் உண்டு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி. வெள்ளம் ஏறும்போது சுமார் 450 சதுர கிலோமீட்டர், வற்றும்போது 250. இவ்வளவு சுருங்கி விரிகிறதே, ஆழம் எவ்வளவு இருக்கும்? சராசரி ஒரு மீட்டர் சுற்றித்தான். பெரிய தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி. தாம்பாளத்தின் ஓரத்தில் கீறிய கோடுதான் கால்வாய்.

அந்தக் கோட்டின் வேலை கோடையில் தெரியும். ஏரியின் வடபாதி ஏப்ரல், மே மாதங்களில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். கால்வாயின் தூர்ந்துபோகாத பகுதிகளில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். ஏரியில் பரவிக் கிடந்த மீனில் தப்பித்தவை அங்கே ஒதுங்கும். மீன் ஒதுங்கினால் கொக்கு ஒதுங்கும், அதன் பின்னால் தூண்டிலோடு பையன்களும் ஒதுங்குவார்கள். ஏரியை எல்லோரும் புகழ்வார்கள். என்னைக் கேட்டால் கோடைக்கு அதன் கிணறு இந்தக் கால்வாய்தான்.

கரையையும் கவனியுங்கள். வெட்டிய மண்ணை இரண்டு பக்கமும் கொட்டியதால் கரை சுற்றுச் சேற்றைவிட ஓர் ஆள் உயரம் தூக்கி நிற்கிறது. ஒவ்வொரு ஐப்பசி மழையும் அந்த மேட்டு மண்ணின் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிவிடும். அதனால் கரையின் தலையில் பனை, ஈச்சை, வேம்பு, நுணா. பத்தடி இறங்கினால் அவற்றில் ஒன்றுகூட முளைக்காது; அங்கே உமிரிதான். விரலால் நசுக்கினால் தண்ணீர் தெறிக்கும் சின்னத் தண்டு, கோடையில் பச்சை மாறிக் கருஞ்சிவப்பாகும். ஒரு தளிரைக் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள், உப்புக் கரிக்கும். அதற்கும் கீழே, தண்ணீர் வந்து போகும் இடத்தில், அங்கங்கே அலையாத்திச் செடிகள் பென்சில் பென்சிலாக மூச்சு வேர்களை நீட்டிக்கொண்டு நிற்கும். பிச்சாவரம் மாதிரி காடு எதிர்பார்க்காதீர்கள், ஏமாந்துபோவீர்கள். இங்கே அவை தனித்தனிப் புதர்கள்.

இந்த மூன்று அடுக்கும் பறவைகளைப் பிரித்து வைக்கின்றன. பனை உச்சியில் பனை உழவாரன், மட்டை நுனிகளில் தூக்கணாங்குருவிக் கூடு, கம்பியில் பனங்காடையும் பஞ்சுருட்டானும். பனங்காடை உட்கார்ந்திருக்கும்போது அழுக்குப் பழுப்பு. பறந்தால்தான் அந்த நீலம் தெரியும். தண்ணீருக்கு மேல் நீட்டிய குச்சியில் கருப்புவெள்ளை மீன்கொத்தி. மற்ற மீன்கொத்திகள் குச்சியிலிருந்து பாயும். இது காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று குறி பார்த்து விழும். ஐந்து தடவை விழுந்தால் ஒரு மீன், அவ்வளவுதான் அதன் திறமை, ஆனால் பார்க்க அலுக்காது. செம்பருந்து எப்போதும் இருக்கும். குளிர்காலத்தில் விராலடிப்பானும் வரும். கால்களை முன்னே நீட்டித் தண்ணீரை அறைந்து மடவையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, மீனின் தலை பறக்கும் திசையைப் பார்த்தபடி இருக்கும். காற்றின் தடையைக் குறைக்க அது அப்படித் திருப்பிப் பிடிக்கிறது.

சேற்றில் நிற்பவற்றைக் கால் நீளத்தை வைத்தே அடையாளம் காணலாம். ஈரம் மட்டும் இருக்கும் ஓரத்தில் சின்ன உள்ளான்கள் தையல் மிஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே ஓடும். கணுக்கால் தண்ணீரில் பவழக்கால் உள்ளான். அதற்கும் உள்ளே நெடுங்கால் உள்ளான், சிவப்புக் குச்சிமேல் வைத்த பொம்மை போல. கரண்டிவாயன் அலகை இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கும். எல்லோருக்கும் அப்பால், வேறு யாரும் நிற்க முடியாத ஆழத்தில், பூநாரை.

பூநாரைக்குத்தான் எல்லோரும் வருகிறார்கள், தெரியும். சூலூர்ப்பேட்டைச் சந்தையில் இதற்கு ராஜஹம்ஸ என்று பெயர். தலையைக் கவிழ்த்து மேலலகு கீழே இருக்கும்படி தண்ணீரில் வைத்து, நாக்கைப் பம்பு மாதிரி இயக்கி, சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளும். அலகின் ஓரச் சீப்பில் பூச்சியும் பாசியும் தங்கும். அந்தத் தீனியில் இருக்கும் நிறமிதான் இறகின் சிவப்பு. இளம் பறவைகள் சாம்பலாக இருக்கும். அவற்றைப் பார்த்து "இது வேறு நாரை" என்று வாதாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தூரத்தில் நிற்கும்போது வெள்ளைக் கோடுதான். கூட்டமாக எழும்பினால் அந்தக் கோடு திடீரென்று ரோஜாவும் கறுப்புமாக மாறும். அதற்காக அவற்றைக் கல்லெறிந்து எழுப்பும் கூட்டம் ஒன்று உண்டு. தயவுசெய்து அதில் சேராதீர்கள். ஒவ்வொரு முறை எழும்புவதற்கும் அது தின்றதில் ஒரு பங்கு செலவாகிறது. காத்திருந்தால் தானாகவே எழும்.

கூழைக்கடாவின் கதை வேறு. கால்வாயிலும் ஏரியிலும் அது மேய்வதைப் பார்ப்பீர்கள், ஆனால் வீடு இங்கே இல்லை. வடக்கே நேலப்பட்டு என்ற ஊர் ஏரியில், தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டுகிறது. 1976-இல் சரணாலயம் ஆக்கினார்கள். குஞ்சுக்குத் தீனி எடுக்கத் தினமும் பழவேற்காடு ஏரிக்கும் கூட்டுக்கும் நடை. காலையில் வெயில் ஏறித் தரை சூடானதும், வெப்பக் காற்றில் வட்டமடித்து ஏறிச் சிறகே அசைக்காமல் தெற்கே சரிந்து வரும். நேலப்பட்டுக்காரர்களுக்குப் பறவை வந்தால் ராசி. அவற்றின் எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்வதும் அந்த ராசியில் ஒரு பங்கு. நத்தைகுத்தி நாரையும் அங்கேதான் அடையும். அதற்குத் தெலுங்கில் நத்தகுல்ல கொங்க. இரண்டு மொழியும் ஒரே நத்தையைத்தான் பார்த்திருக்கின்றன.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கரையிலிருந்து பார்க்க முடியாது, ஆனால் எல்லாவற்றுக்கும் காரணம் அங்கேதான். கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் இறங்கும்போது இங்கே சில இடங்களில் வாயில் வைக்கலாம் போல் ஆகிவிடும். மே மாதத்தில் கடலையே மிஞ்சும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் உடம்பு எல்லா மீனுக்கும் இல்லை. மடவை, கொடுவா, பால்கெண்டை, கிழங்கான், களி நண்டு, வெள்ளை இறால், வரி இறால் தாங்கும். வரி இறால் பிறப்பது கடலில். கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, இந்தச் சேற்றில் வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்பும். கொடுவா இன்னும் வினோதம். முதலில் ஆணாக வளர்ந்து, வயதானதும் பெண்ணாக மாறும். ஆக, முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் அந்த வருஷம் வருமானம் போயிற்று. எங்கள் பக்கத்து மீனவர்கள் வானிலை அறிக்கையைவிட முகத்துவாரத்தைப் பற்றித்தான் அதிகம் விசாரிப்பார்கள்.

இந்தத் தண்ணீரைக் கையால் படித்தவர்கள் இருளர்கள். ஆந்திரப் பக்கம் யானாதிகள். இருளப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதற்குள் போடுவார்கள். வலையில்லை, படகில்லை. மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் கிடந்த கைகளைப் பார்த்தால் அழகான காட்சி என்று சொல்ல வாய் வராது. புகைப்படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

ஏரியைத் தாண்டி வடக்கே, வாக்காடு, துகராஜபட்டணம் பக்கம், கால்வாய் மறுபடி கரை கட்டிய கால்வாயாகத் தெரியும். எனக்குப் பிடித்த பகுதி அதுதான். ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மறுபக்கம் உமிரித் திட்டு, நடுவில் அசையாத தண்ணீர். சாயங்காலம் மடவை துள்ளும் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. இந்தத் துகராஜபட்டணத்தில்தான் 1626-இல் ஆங்கிலேயர்கள் பண்டகசாலை வைத்தார்கள். அவர்கள் இட்ட பெயர் ஆர்மகான். அவர்களுக்கு உதவிய ஆறுமுக முதலியார் என்பவரின் பெயர்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். அங்கே வியாபாரம் சரிப்படாமல் வேறு இடம் தேடிய பிரான்சிஸ் டே 1639-இல் பிடித்த இடம்தான் சென்னை. ஒரு முதலியார் பெயரில் ஆந்திரக் கரையில் சென்னைக்கு அக்காள் ஒருத்தி இருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். 1990-களில் நெல்லூர்க் கரை முழுக்க இறால் பண்ணை வந்தது. உமிரித் திட்டுகளை வெட்டிக் குளமாக்கினார்கள், கழிவுத் தண்ணீர் கால்வாயில் இறங்கியது. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தலையிட்டது. 2005-இல் தனிச் சட்டமும் வந்தது. பண்ணைகள் இன்னும் இருக்கின்றன. கரைகளைச் சீமைக் கருவேலம் மூடிவிட்டதால், என் தாத்தா கயிறு இழுத்துக்கொண்டு நடந்த பாதையில் இன்று பல இடங்களில் ஆடுகூட நுழையாது. தூர் வாருவது பற்றி எனக்கு இரண்டு மனசு. தூர் வாராவிட்டால் கோடைக் கிணறு மூடிப்போகும். இயந்திரத்தை இறக்கி ஓரம்வரை வழித்து எடுத்தால் உள்ளான் மேயும் சரிவே இருக்காது. நடுவில் ஆழம், ஓரத்தில் சரிவு என்று வாரலாம். அப்படிப் பொறுமையாக வாரி நான் பார்த்ததில்லை. 2004 சுனாமியின்போது கடல் ஏறி வந்த தண்ணீரில் ஒரு பங்கை வாங்கி வடக்கும் தெற்குமாக ஓட்டிவிட்டதும் இதே கால்வாய்தான் என்பதையாவது வாருகிறவர்கள் நினைவில் வைக்கலாம்.

இனி போகும் வழி. மாதம் என்றால் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. மழை நின்று தண்ணீர் வடிய ஆரம்பித்திருக்கும். பூநாரை நிற்கும் ஆழம் அப்போதுதான் கிடைக்கும். அக்டோபரிலேயே ஓடி வந்து "ஒன்றையும் காணோம்" என்பவர்கள் நிறைய. தண்ணீர் மிஞ்சினால் பறவை இருக்காது. சென்னை சென்ட்ரலிலிருந்து சூலூர்ப்பேட்டை வரை புறநகர் ரயில் உண்டு. தமிழ்நாட்டின் கடைசி நிலையம் ஆரம்பாக்கம், அடுத்தது தடா. விடியற்காலை வண்டியில் வந்து சூலூர்ப்பேட்டையில் ஆட்டோ பிடித்து, ஏரிக்குக் குறுக்கே ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலையில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். சாலையின் இரண்டு பக்கமும் ஏரிதான். தீவுக்குள் விண்வெளி மையம் என்பதால் அனுமதியில்லாமல் நுழைய முடியாது. கால்வாயின் அந்தப் பகுதியை எட்ட நின்றுதான் பார்க்க வேண்டும். ராக்கெட் விடும் நாளில் சாலையில் கெடுபிடி இருக்கும். ஒருமுறை ராக்கெட் சத்தத்துக்கு ஏரிப் பறவைகள் மொத்தமாக எழும்பியதைப் பார்த்தேன். நாங்கள் புகைக்கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அவை இறங்கி மேய ஆரம்பித்துவிட்டன.

கால்வாயைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் பழவேற்காடு ஊருக்குத் தெற்கே, காட்டுப்பள்ளி பக்கம் போகும் சாலையோரம் நல்லது. அப்படியே டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கோட்டை இருந்த இடத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் பார்க்கலாம். வடக்கே என்றால் நாயுடுப்பேட்டை வழியாக வாக்காடு. அதற்குச் சொந்த வண்டி இல்லாமல் சிரமம்.

இரண்டு எச்சரிக்கை. படகில் ஏற்றிப்போகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். எல்லோரும் சுற்றிப்பார்க்க வந்தவர்கள். அடுத்தது சேறு. கல்லூரி நாட்களில் பைனாகுலர் கழுத்தில் தொங்க, ஒரு கோட்டானை (ஆந்தை இல்லை, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவை) துரத்திக்கொண்டு இறங்கித் தொடைவரை புதைந்தேன். அசைய அசைய இன்னும் இறங்கியது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கழியை நீட்டி இழுத்துவிட்டு, "தம்பி, உமிரி இருக்கிற இடமாப் பாத்து காலை வை. வெறும் சேறு பளபளன்னு இருந்தா அது உனக்கு இல்ல, கொக்குக்கு" என்றார். செருப்பு இரண்டும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

மகளை அழைத்துப்போகலாமா என்றால், தாராளமாக. ஆனால் எட்டு வயதுக்குப் பூநாரை சலிக்கும். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் வெள்ளைப் புள்ளிகள், பைனாகுலர் வேறு அவள் கைக்கு நிற்காது. தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்துக் கால்வாய் ஓரத்தில், கரை மேட்டிலேயே, அவளை உட்காரவையுங்கள். சேறு முழுக்கச் சின்னச் சின்னத் துளையாக இருக்கும், ஒரு உயிரும் தெரியாது. ஐந்து நிமிஷம் ஆடாமல் இருக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு நண்டு எட்டிப் பார்க்கும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கும், அதை மேலும் கீழும் ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும். நூறு நண்டும் ஒரே நேரத்தில் கையாட்டும். அவள் பதிலுக்குக் கையாட்டினால் அத்தனையும் ஒரே நொடியில் உள்ளே போய்விடும். அப்புறம் மறுபடி ஐந்து நிமிஷம்.